மொத்தமே 401 பைக்தான்... 50 ஆண்டு கடந்தும் குறையாத மவுசு! டுகாட்டி 'கிரீன் ஃப்ரேம்' ஏன் இவ்வளவு ஸ்பெஷல்?

1974-ல் இத்தாலியின் போலோக்னா நகரத் தொழிற்சாலையில் இருந்து வெளிவந்த டுகாட்டி 750 சூப்பர் ஸ்போர்ட், இன்று ஏலத்துக்கு வந்தால் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியும் விலை போகிறது. பழைய பைக்குகள் எத்தனையோ இருக்க, இதுக்கு மட்டும் ஏன் இந்த மவுசு? பார்க்கலாம்.

எல்லாம் ஒரே ரேஸ்ல ஆரம்பிச்சது

1972 ஏப்ரல் 23. இத்தாலியின் இமோலாவில் 200 மைல் பந்தயம். பல முறை உலக சாம்பியனான ஜியாகோமோ அகோஸ்டினி எம்.வி. அகுஸ்டாவுடன் களத்தில் இருந்தார். அன்று டுகாட்டியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பால் ஸ்மார்ட் முதலிடம், புருனோ ஸ்பஜ்ஜியாரி இரண்டாமிடம் என இரண்டையும் டுகாட்டியே தட்டிச் சென்றது.

அந்த ரேஸ் பைக்கைச் சாலையிலும் ஓட்டும் வகையில் டுகாட்டி செய்ததுதான் 750 சூப்பர் ஸ்போர்ட். 1974-ல் தயாரானவை 401 மட்டுமே. ஃப்ரேமுக்கு வெளிர் பச்சை நிறம் என்பதால் 'கிரீன் ஃப்ரேம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அடுத்த ஆண்டே என்ஜினின் வெளி வடிவம் மாறியது.

என்ஜின்ல அப்படி என்ன இருக்கு?

வழக்கமான என்ஜினில் வால்வை மூடுவது ஸ்பிரிங். வேகம் கூடும்போது ஸ்பிரிங்கால் ஈடுகொடுக்க முடியாமல் போகும். இதில் வால்வைத் திறப்பதும் மூடுவதும் கேம்தான். 'டெஸ்மோ' எனப்படும் இந்த முறையை டுகாட்டியில் வளர்த்தெடுத்தவர் பொறியாளர் ஃபேபியோ டாக்லியோனி. இரட்டை சிலிண்டர் கொண்ட டுகாட்டி சாலை பைக்கில் இது வந்தது இதில்தான் முதன்முறை.

விலை ஏறினால் போலியும் வரும்!

இங்கேதான் சிக்கல். அதே காலத்தில் வந்த 750 ஜிடி, 750 ஸ்போர்ட் மாடல்களின் என்ஜினும் இதே குடும்பம்தான். அவற்றை மாற்றியமைத்து பச்சை பெயின்ட் அடித்துவிட்டால், சாதாரணக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் வாங்குபவர்கள் பெயின்டைப் பார்ப்பதில்லை. என்ஜின் எண், ஃப்ரேம் எண், பழைய ஆவணங்கள் மூன்றும் ஒத்துப்போகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். ஒன்று இடித்தாலும் விலை சரிந்துவிடும்.

பெட்ரோலே எதிரியான கதை

இன்னொரு ஆபத்து பங்கிலேயே இருக்கிறது. இந்த பைக்கின் டேங்க் ஃபைபர் கிளாஸ். உள்ளே எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று பார்க்க, பக்கவாட்டில் பெயின்ட் அடிக்காத ஒரு கோடும் உண்டு. ஆனால் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ஃபைபர் கிளாஸை மென்மையாக்கும். கரைந்த பிசின் கார்புரேட்டர் வரை போய் அடைத்துக்கொள்ளும். இன்று பல நாடுகளில் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் பரவலாகக் கிடைக்கிறது.

டேங்கை மாற்றினால் தைரியமாக ஓட்டலாம். ஆனால் 'ஒரிஜினல்' என்ற மதிப்பு அடிபடும். மாற்றாமல் விட்டால் மதிப்பு நிற்கும். பைக்கும் ஷெட்டிலேயே நிற்கும். சிலர் ஒரிஜினல் டேங்கைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, ஓட்டுவதற்கென வேறு டேங்கைப் பொருத்துகிறார்கள். ரேஸில் ஜெயித்ததால் பிறந்த பைக்கை ஓட்டவும் வேண்டும், காப்பாற்றவும் வேண்டும் என்பவர்களுக்கு இப்போதைக்கு நடைமுறையான வழி இதுதான்.