லேசரால் இடியைத் திருப்ப முடியுமா?

கேள்வி: லேசர் ஒளியைப் பாய்ச்சி மின்னலைத் திசை திருப்புகிறார்கள் என்று செய்தியில் வந்தது. போன மழையில் எங்கள் பக்கத்து வயலில் வேப்பமரத்தடியில் கட்டியிருந்த இரண்டு மாடுகள் இடி விழுந்து செத்துப்போயின. அந்தக் கருவி நம் ஊருக்கு வருமா? மானியம் உண்டா?

பதில்: செய்தி உண்மைதான். சுவிட்சர்லாந்தில் 2,502 மீட்டர் உயரமுள்ள சென்டிஸ் மலையின் உச்சியில் 124 மீட்டர் உயரத்தில் ஒரு தொலைத்தொடர்புக் கோபுரம் இருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் நூறு தடவை அதில் மின்னல் பாயும். 2021 கோடையில் ஆய்வாளர்கள் அங்கே ஒரு லேசர் கருவியை ஏற்றி, கோபுர உச்சியை ஒட்டி வானத்தை நோக்கிச் செலுத்தினார்கள்.

இது சாதாரண லேசர் அல்ல. ஒரு விநாடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு நேரம்தான் ஒவ்வொரு துடிப்பும் நீடிக்கும். விநாடிக்கு ஆயிரம் துடிப்புகள். அவ்வளவு குறுகிய நேரத்தில் அத்தனை சக்தி பாயும்போது காற்றே ஒரு லென்ஸ் போல நடந்துகொள்கிறது. ஒளி தானாகவே குவிந்து மெல்லிய இழையாகிறது. அந்த இழை போகும் வழியில் காற்று சூடாகி விலகுகிறது. அடர்த்தி குறைந்த அந்தப் பாதையில் மின்சாரம் எளிதாகப் போகும். மண்வெட்டியால் ஒரு கீறு கீறிவிட்டால் மடைத்தண்ணீர் அந்த வழியே ஓடுவதில்லையா, அதே கதைதான்.

இடிமழையின்போது ஆறு மணி நேரத்துக்கு மேல் லேசரை இயக்கியதில் நான்கு மின்னல்கள் அதன் வழியைப் பின்பற்றின. அவற்றில் ஒன்று ஐம்பது மீட்டர் தூரம் லேசரோடு ஒட்டியே போனதை அதிவேகக் கேமரா படம் பிடித்திருக்கிறது. மூடுபனியிலும் லேசர் வேலை செய்தது. ஆய்வு முடிவு 2023 ஜனவரியில் வெளியானது.

மானியம் கேட்டவருக்கு: கருவியின் எடை மூன்று டன்னுக்கு மேல், நீளம் எட்டு மீட்டர். விமான நிலையம், ராக்கெட் ஏவுதளம் போன்ற இடங்களைக் காக்கத்தான் இதை யோசிக்கிறார்கள். அரை ஏக்கர் கத்தரிக்கு இது வரப்போவதில்லை. லேசருக்காகக் காத்திருந்தால் அடுத்த கோடைமழைக்கு இன்னும் இரண்டு மாடு போகும்.

மின்னல் வெட்டியதும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் கணக்கு. முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மம்பட்டியைப் போட்டுவிட்டுக் காரை வீட்டுக்குள் போய்விட வேண்டும். கீற்றுக் கொட்டகையும் கூரையில்லாத டிராக்டரும் பாதுகாப்பு ஆகாது. பம்புசெட் ஸ்டார்ட்டரையும் முள்கம்பி வேலியையும் தொடாதீர்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே வயலில் இறங்கலாம். புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ செயலி அருகில் மின்னல் வந்தால் எச்சரிக்கும்; இலவசம்தான்.

மாடுகளை ஒற்றை மரத்தடியில் கட்டாதீர்கள். மரத்தில் இறங்கும் மின்சாரம் தரையில் பரவும். மாட்டின் முன்கால், பின்கால் இடைவெளி அதிகம் என்பதால் அதன் உடம்பு வழியே பாய்ந்து இதயத்தைத் தாக்கும்.

இடி தாக்கியவரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று பயந்து ஒதுங்கி நிற்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. மூச்சும் நாடியும் நின்றிருந்தால் உடனே நெஞ்சின் நடுவில் இரு கைகளாலும் வேகமாக அழுத்திக்கொண்டே இருங்கள். கூட இருப்பவர் 108க்கு அழைக்கட்டும்.