செயினுக்குக் கணக்கு, பாட்டிலுக்குச் சலாம்!



சென்னை விமான நிலையத்தில் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கினால், சுங்க அதிகாரியைப் பார்ப்பதற்கு முன்பே டூட்டி ஃப்ரீ கடை உங்களை வரவேற்கும். சென்ட், சாக்லேட், வரிசையாக அடுக்கிய விஸ்கி. மூணு நாள் பாங்காக் போய்ச் சுற்றிவிட்டு வருகிறவர்கூட இரண்டு லிட்டர் சரக்கு, 100 சிகரெட் வாங்கிக்கொண்டு கையை வீசி வெளியே போகலாம். "எத்தனை நாள் வெளிநாட்டுல இருந்தீங்க?" என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். இறக்குமதி விஸ்கிக்கு 150 சதவீதம் தீர்வை போட்ட நாடு இது, ஞாபகம் இருக்கட்டும்.

அதே விமானத்தில்தான் துபாயில் வெயிலில் கம்பி கட்டிய நம்ம ராமநாதபுரத்துத் தம்பியும் வருகிறார். கையில் தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரு செயின். அவரிடம் மட்டும் கேள்வி வரும்: "ஒரு வருஷம் முடிஞ்சுதா?"

முடியவில்லை. பதினோரு மாசத்தில் கம்பெனி ஆளைக் குறைத்துவிட்டது. அது அவர் தப்பா? ஆனாலும் நகைக்கான தனிச் சலுகை அவருக்குக் கிடையாது. ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்குத்தான் அது.

ஒரு வருஷம் முடித்தவர்களுக்காவது நியாயம் நடந்ததா? 2016 விதியில் ஆண்களுக்கு 20 கிராம், பெண்களுக்கு 40 கிராம் என்று எழுதினார்கள். பக்கத்திலேயே ஒரு பூட்டும் போட்டார்கள்: ஆண் என்றால் 50,000 ரூபாய்க்குள், பெண் என்றால் ஒரு லட்சத்துக்குள். 2025-ல் தங்கம் கிராம் 9,000 ரூபாயைத் தாண்டியது. 50,000 ரூபாய்க்கு என்ன வரும்? ஆறு கிராம்கூட வராது. ஒரு பவுனுக்கே வழியில்லை! காகிதத்தில் இரண்டரைப் பவுன், கவுண்டரில் முக்கால் பவுன்கூட இல்லை. வீட்டு வேலைக்குப் போய் வந்த அக்காமார்களுக்கு ஐந்து பவுன் என்றார்கள். அந்த ஒரு லட்சத்தில் ஒன்றரைப் பவுன் தேறவில்லை.

2026 பிப்ரவரியில்தான் அந்த விலைப் பூட்டை எடுத்தார்கள். பொதுவான வரம்பையும் 50,000-லிருந்து 75,000 ஆக்கினார்கள். சரி, வரவேற்போம். ஆனால் விலை ஏற ஏற, பத்து வருஷமாக எத்தனை பேர் அந்தக் கவுண்டரில் கைகட்டி நின்று பணம் கட்டினார்கள்? அதற்கு யார் பதில் சொல்வது? ஒரு வருஷ நிபந்தனை மட்டும் அப்படியே நிற்கிறதே, அது ஏன்?

கேட்டால் "கடத்தல்" என்பார்கள். கிலோக் கணக்கில் கடத்துகிறவன் செயினைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ரசீதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டா வருவான்?

இவர்கள் மாசாமாசம் வீட்டுக்கு அனுப்பும் பணத்தை "அந்நியச் செலாவணி" என்று மேடையில் புகழத் தெரிகிறது. அவர்களே ஊர் திரும்பி வந்தால் சந்தேகக் கண்.

நாம் கேட்பது இதுதான்: வேலை விசாவில் போய்த் திரும்புகிற தொழிலாளிக்கு ஒரு வருஷ நிபந்தனையை நீக்கு. பாட்டிலுக்குக் கேட்காத கணக்கைச் செயினுக்கும் கேட்காதே.

உங்கள் வீட்டில் யாராவது இப்படி நகைக்குத் தீர்வை கட்டியிருந்தால், எந்த வருஷம், எவ்வளவு என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் திரட்டி மனுவோடு சேர்த்துக் கொடுக்கப் போகிறோம்.