நடத்தைப் பயிற்சி தருபவர் யார் என்று பதிவேடு சொல்லட்டும்

மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

மருத்துவம் சார்ந்த துணைத் தொழில்களை முறைப்படுத்த நாடாளுமன்றம் 2021-இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன் அட்டவணையில், நடத்தை நலம் சார்ந்த தொழில்களின் பிரிவில், உளவியலாளருக்கு அடுத்தபடியாக ‘நடத்தைப் பகுப்பாய்வாளர்’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரி தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வரவேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் மதுரையில் வசிக்கிறேன். என் மகனுக்கு ஆட்டிசம். எங்களைப் போன்ற பெற்றோர் நாலு பேர் கூடினால் ‘ஏபிஏ’ எனப்படும் செயல்முறை நடத்தைப் பகுப்பாய்வு பற்றிய பேச்சு வராமல் இருக்காது. குழந்தை எப்போது அழுகிறது, எதற்கு ஓடுகிறது, ஏன் கடிக்கிறது என்று கவனித்துக் குறித்து, அதற்கு ஏற்றபடி சின்னச் சின்னப் படியாகப் பழக்கும் முறை அது. கழிவறைக்குப் போகவேண்டும் என்பதைப் படத்தைத் தொட்டுக் காட்ட என் மகன் கற்றுக்கொண்டது அப்படித்தான். சொல்லிக்கொடுத்த சிறப்பாசிரியருக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

அவரிடம் போய்ச் சேருவதற்கு முன்பு வேறொரு மையத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ். பையனை உள்ளே அனுப்பினால் கதவைச் சாத்திவிடுவார்கள். பெற்றோர் பார்த்தால் குழந்தையின் கவனம் சிதறும் என்பார்கள். ஒருநாள் கேட்டு வாங்கி, அவனுடைய குறிப்புத் தாளைப் பார்த்தேன். மேலே அவன் பெயர், கீழே ‘கண் பார்த்தல்’ என்று இலக்கு, பக்கத்தில் பத்துக் கட்டங்கள், செய்தால் கூட்டல் குறி, செய்யாவிட்டால் கழித்தல் குறி. அவன் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்த தேதிக்கும் பத்துக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. ஏழு கூட்டல், மூன்று கழித்தல்.

அமைச்சர் அவர்களே, இந்த முறைக்கு உயிர் அந்தத் தாளில்தான் இருக்கிறது. அதை வைத்துத்தான் அடுத்த மாதம் குழந்தைக்கு என்ன சொல்லிக்கொடுப்பது, எதை நிறுத்துவது என்று முடிவு செய்வார்கள். தாள் பொய் என்றால் அந்த அறையில் நடந்ததைப் பயிற்சி என்றே சொல்ல முடியாது. பிறகுதான் அந்தச் சான்றிதழையும் நின்று படித்தேன். இணையவழிப் பயிற்சி, 40 மணி நேரம்.

இந்த 40 மணி நேரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? நடத்தைப் பகுப்பாய்வாளருக்குச் சான்றளிக்க அமெரிக்காவில் 1998-இல் தொடங்கிய தனியார் வாரியம் வகுத்த கணக்கு அது. அங்கே அது அடிமட்டத்தில் இருக்கும் உதவியாளருக்கான பயிற்சி. அதை முடித்தவர் திறன் சோதனையிலும் தேர்விலும் தேறவேண்டும். தேறிய பிறகும் தனியாகத் திட்டம் போட முடியாது. அவர் வேலை செய்யும் நேரத்தில் குறைந்தது 5 சதவீதமாவது மேற்பார்வைக்கு உட்பட்டிருக்க வேண்டும். மேற்பார்வை செய்யும் பகுப்பாய்வாளரோ முதுகலைப் பட்டம் பெற்று, 1,500 முதல் 2,000 மணி நேரம் வரை களப்பயிற்சி முடித்து, தேர்வெழுதித் தேறியவர். அதுவும் போதாது என்று பல மாநிலங்கள் தாங்களே உரிமம் தருகின்றன. நியூயார்க்கில் 2014-இல் உரிமச் சட்டம் வந்தது. டெக்சாஸில் 2018 செப்டம்பர் முதல் உரிமம் கட்டாயம். நியூ ஜெர்சி 2020-இல் சட்டம் போட்டது. சான்றிதழ் கொடுத்த தனியார் வாரியம் சான்றிதழை மட்டுமே ரத்து செய்ய முடியும். தொழில் செய்யாதே என்று தடுக்க அரசால்தான் முடியும் என்பதே காரணம். அங்கே உதவியாளர் வாங்கும் சான்றிதழைக் காட்டி இங்கே ஒருவர் மைய இயக்குநர் ஆகிவிடுகிறார்.

அந்த வாரியமும் 2023 முதல் புதிய விண்ணப்பங்களை ஒரு சில நாடுகளோடு நிறுத்திக்கொண்டது. இந்தியா அதில் இல்லை. இந்திய மறுவாழ்வு மன்றம் சிறப்பாசிரியரையும் பேச்சுப் பயிற்சியாளரையும் மருத்துவ உளவியலாளரையும் பதிவு செய்கிறது. நடத்தைப் பகுப்பாய்வுக்கு அங்கே தனி இடம் இல்லை. மிச்சம் இருப்பது 2021-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றுதான். அது சுகாதாரத் தொழிலர் என்பவருக்குக் குறைந்தது 3,600 மணி நேரப் பட்டப்படிப்பும், துணைத் தொழிலருக்கு 2,000 மணி நேரப் படிப்பும் கேட்கிறது. 40 எங்கே, 2,000 எங்கே!

அந்தச் சட்டப்படி தகுதி வகுப்பது தில்லியில் உள்ள தேசிய ஆணையத்தின் பொறுப்பு என்பது எனக்குத் தெரியும். ஆனால் பதிவேடு வைப்பதும், ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதும் மாநில அளவில் அமையும் மன்றத்தின் வேலை என்று அதே சட்டம் சொல்கிறது. பெயரைத் தட்டினால் படிப்பு, பதிவெண், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறார் என்ற விவரம் மூன்றும் தமிழில் வரும்படி அந்தப் பதிவேட்டை இணையத்தில் வையுங்கள். திட்டம் போடுபவர் யார், குழந்தையோடு உட்காருபவர் யார் என்று அதில் பிரித்துக் காட்டுங்கள்.

உரிமம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. இந்த முறையால் பாதிக்கப்பட்டதாக ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் உலகமெங்கும் பேசியும் எழுதியும் வருகிறார்கள். இதை ஆட்டிசக் குழந்தைகளிடம் பெரிய அளவில் கொண்டுபோன ஐவர் லோவாஸ் கலிபோர்னியாவில் தன் ஆரம்ப காலத்தில் அடியையும் மின் அதிர்ச்சியையும் பயன்படுத்தியது பதிவாகியுள்ள வரலாறு. இன்றும் கையை ஆட்டாதே, கண்ணைப் பார் என்று அடக்குவதையே பயிற்சி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கையை ஆட்டும்போதுதான் என் மகன் அமைதியாகிறான். அதை நிறுத்தச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, கொடுமையான நடத்துமுறையிலிருந்து பாதுகாப்பு தருகிறது. அதற்கு இந்த அறைகளுக்குள் என்ன பொருள் என்பதைத் தொழில் நடத்தை விதிகளில் வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள்: அடி கூடாது, சாப்பாட்டைப் பிடித்துவைக்கக் கூடாது, பெற்றோர் எந்த நேரமும் பார்க்கலாம். விதிகள் எழுதும் குழுவில் ஆட்டிசம் உள்ளவர்களும் உட்காரவேண்டும். அவர்கள் இல்லாமல் எழுதினால் தப்பு செய்கிறவருக்கே அரசு முத்திரை கிடைத்துவிடும்.

இன்னொரு பயமும் உண்டு. தேனியிலும் விருதுநகரிலும் குறைந்த சம்பளத்துக்கு மனசாட்சியோடு வேலை செய்கிற சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். ஒரே நாளில் அவர்கள் கதவை மூடவைத்துவிடாதீர்கள். அவர்கள் தகுதியை எட்ட அவகாசமும், மாலை நேர, வார இறுதிப் படிப்பும் வேண்டும். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. அதோடு பேசி, அரசு மருத்துவக் கல்லூரிகளில் தமிழ்வழிப் பயிற்சி தொடங்கலாம். கட்டணம் ஏறும் என்பதும் உண்மை. தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு தருவது ஆண்டுக்கு அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய். அதற்கு மேல் ஆகும் செலவில் மாநில அரசு என்ன பங்கு ஏற்கும் என்பதையும் அறிவியுங்கள்.

அந்தக் குறிப்புத் தாளின் நகல் என்னிடம் இருக்கிறது. இதை எந்த அலுவலகத்தில் கொடுப்பது, யார் விசாரிப்பார், எத்தனை நாளில் பதில் வரும் என்று நான் விசாரித்த எவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்த மூன்று கேள்விக்கும் அரசாணையாகப் பதில் வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனின் தாய்,
மதுரை.