பேசிக் கெடுத்த விருந்தாளி

சத்யஜித் ராயின் ‘கரே பைரே’ 1984-இல் வெளிவந்த நாள் முதலாக அதன்மேல் சுமத்தப்பட்டுவரும் குற்றச்சாட்டு, பாத்திரங்கள் ஓயாமல் பேசுகிறார்கள் என்பதே. படப்பிடிப்பின் நடுவே அவருக்கு மாரடைப்பு வந்ததையும், மிச்சத்தை மகனைக்கொண்டு முடிக்க நேர்ந்ததையும் சொல்லிச் சமாதானம் கூறுவோரும் உண்டு. வசனத்தை எழுதியது நோய்க்கு முன்பல்லவா? பேச்சே அப்படத்தின் விஷயம் என்பது இருசாராருக்கும் ஏனோ புலப்படவில்லை.

தாகூரின் 1916-ஆம் வருஷத்து நாவலைத் தழுவிய கதை. 1905-இல் கர்சன் வங்காளத்தைப் பிரித்ததை அடுத்து மூண்ட சுதேசிக் கிளர்ச்சியின் காலம். கிராமத்து ஜமீன்தாரான நிகிலேஷ், தன் மனைவி விமலாவுக்கு ஆங்கிலமும் பாட்டும் கற்பிக்க ஏற்பாடு செய்து, எந்த ஸ்திரீயும் அதுவரை தாண்டியிராத அந்தப்புர வாசலைத் தானே திறந்து, வண்ணக் கண்ணாடி பதித்த தாழ்வாரத்தின் வழியே அவளை வெளிக்கூடத்துக்கு அழைத்து வருகிறானே, அந்த அவசரமற்ற நடையில் ஒரு வார்த்தைகூடத் தேவைப்படவில்லை. வார்த்தைகளெல்லாம் வெளிக்கூடத்தில் காத்திருக்கும் சிநேகிதன் சந்தீப்பிடம் இருக்கின்றன. ‘வந்தே மாதரம்’ என்று கூட்டத்தை ஆவேசம் கொள்ளச் செய்துவிட்டு, கூச்சமின்றிச் சீமைச் சிகரெட்டைப் பற்றவைக்கும் அந்த ஆசாமியைச் சௌமித்ர சட்டர்ஜி எவ்வளவு வசீகரமாக நடித்திருக்கிறார் என்றால், விமலா கணவனின் பெட்டகத்தைத் திறந்து பொன்னை எடுத்துக் கொடுக்கும்போது நமக்கும் அவள்மேல் கோபம் வருவதில்லை. இந்த வாக்குசாதுரியத்தை மௌனப் படமாக எப்படி எடுப்பது?

எதிரே நிகிலேஷும் பேசுகிறான். சுதேசித் துணி விலை அதிகம், தரமும் மட்டம். அன்னியத் துணியைத் தடுத்தால் வயிற்றிலடிபடுவது சந்தையில் கடை விரிக்கும் ஏழை முஸ்லிம் வியாபாரிகள்தாம் என்கிறான். அத்தனையும் நியாயம், ஆயினும் விக்டர் பானர்ஜியின் தணிந்த குரலில் அது ஒருவரையும் எழுந்து நிற்கச் செய்வதில்லை. சரக்கு எரிகிறது, கலகம் மூளுகிறது, மூட்டிவிட்டவன் ஊரைவிட்டு நழுவுகிறான், தடுக்கப் போன நிகிலேஷ் பிணமாகத் திரும்புகிறான்.

எனக்கும் ஒரு குறை உண்டு. எரிந்த துணிக்குச் சொந்தக்காரர்களின் கஷ்டத்தை நாம் பெரும்பாலும் மாளிகைக்காரர்கள் வாயிலாகவே கேட்கிறோம். அந்த வியாபாரிகளில் ஒருவனை அதே வெளிக்கூடத்தில் உட்காரவைத்து, சந்தீப்புக்குப் பதில் சொல்ல விட்டிருந்தால், படம் இன்னும் கால்மணி நேரம் பேச்சால் நீண்டிருந்தாலும் நான் ஆட்சேபித்திருக்க மாட்டேன்.