முண்டக்கண்ணி மீனுக்காக

கொசுவை ஒழிக்கக் கிணற்றில் மீன் விட வேண்டும் என்றாலே எல்லோரும் கம்பூசியாவைத்தான் தேடுகிறார்கள். அது 1928-ஆம் ஆண்டு இத்தாலி வழியாக நம் நாட்டுக்கு வந்த அமெரிக்க மீன். அதே வேலையைக் காலங்காலமாகச் செய்து வரும் நம் நாட்டு மீனைக் கேட்பாரில்லை. அதற்காகவே எழுதுகிறோம்.

முண்டக்கண்ணி என்று அதற்குப் பெயர். வானத்தைப் பார்க்கும் கண்ணுடையது என்ற பொருளில் கேரளத்தார் மானத்துக்கண்ணி என்பார்கள். தட்டையான தலை, மேல்நோக்கிய வாய், உச்சந்தலையில் மின்னும் வெள்ளிப் பொட்டு. நீர்மட்டத்தை ஒட்டியே நீந்தும். மூச்சுவிட மேலே வரும் கொசுப்புழு நேரே அதன் வாய்க்குத்தான் வரும்! இவ்வினத்தில் மிகச் சிறிய மீன்களுள் ஒன்றை 1916-இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் சென்னையில் பணியாற்றிய சுந்தரராஜ் என்னும் அறிஞர். ‘பார்வஸ்’ என்று பெயரிட்டார். லத்தீனில் ‘சிறியது’ என்று பொருள். நம் சிஸ்டர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

கம்பூசியா ஒரே ஈற்றில் டஜன் கணக்கில் குட்டி போடும். முண்டக்கண்ணியோ நாளுக்குச் சில முட்டைகளை நீர்ச்செடிகளில் ஒட்டிவைக்கும். பொரிக்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதற்குள் கம்பூசியா அந்த முட்டைகளைத் தின்றுவிடும். தவளைக் குஞ்சுகளையும் விடாது. உலகின் மிக மோசமான 100 அயல் உயிரினங்களின் பட்டியலில் அதுவும் ஒன்று. போதாக்குறைக்கு, நாம் குளக்கரைகளுக்குச் சிமெண்ட் பூசிச் செடிகளையும் சுரண்டி எடுத்துவிடுகிறோம். முட்டையை எங்கே வைப்பது?

“டெங்கு வந்தால் உங்கள் மீனா காப்பாற்றும்?” என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் டெங்குக் கொசு பெருகுவது பெரும்பாலும் வீட்டுத் தொட்டியிலும் பழைய டயரிலும் பூந்தொட்டித் தட்டிலும். அங்கே எந்த மீனும் இல்லை. வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவி, தொட்டியை மூடி வைப்பதே அதற்கு வழி.

முண்டக்கண்ணி இன்னும் அழிந்துவரும் உயிரினங்களின் பட்டியலில் சேரவில்லை. அதனால்தான் இப்போதே பேசுகிறோம். சேர்ந்தபின் பேசி என்ன பயன்? கிணற்றுக்கு மீன் வேண்டுமென்றால் ஏரியிலும் வயல் வாய்க்காலிலும் தேடிப் பார்க்கட்டும். தீபம் முடிந்து தெப்பத்திற்கு அய்யங்குளம் செல்லும் தோழியர், வீட்டில் வளர்த்து அலுத்துப்போன கப்பி மீன்களைக் குளத்தில் விடவேண்டாம். பொரி போடுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.