“இதுவாவது படிக்கட்டும்!”

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில், நம்மிடம் படித்த மாணவி ஒருத்தி தன் தகப்பனாருடன் நம் வீட்டுக்கு வந்திருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க்கு வாங்கிய பெண். தகப்பனார் முகத்திலோ சொத்துப் பறிபோனவரைப் போன்ற வாட்டம்.

“டாக்டர் படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை, ஸார். இருதயத் துடிப்பைப் பதிவு செய்கிற வேலைக்கு ஏதோ படிப்பு இருக்கிறதாம். இதுவாவது படிக்கட்டும் என்று பார்க்கிறேன்” என்று சொல்லி ஒரு துண்டுப் பிரசுரத்தை நீட்டினார். ஆறே மாதத்தில் அந்த வேலைக்குத் தயார் செய்வதாக அதில் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது.

பிரசுரத்தைப் பற்றிப் பிறகு சொல்லுவோம். முதலில் அந்த ‘இதுவாவது’ என்ற வார்த்தையோடுதான் நமக்குச் சண்டை.

ஹாலந்து தேசத்து லெய்டன் நகரில் எய்ந்தோவன் என்றொரு பேராசிரியர் இருந்தார். இருதயத்தில் எழும் மின்சார அலைகளைப் பிசகின்றிப் பதிவு செய்யும் யந்திரத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்தவர் அவரே. அதன் எடை சுமார் 270 கிலோ. அதை இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீரில் அமிழ்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யந்திரத்தை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? ஆகவே ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த ஆஸ்பத்திரியிலிருந்து டெலிபோன் கம்பி வழியாகத் துடிப்பையே தம் ஆராய்ச்சிசாலைக்கு வரவழைத்துவிட்டார். 1924-ம் வருஷத்து நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. பரிசுப் பணத்தில் பாதியைத் தம் பழைய உதவியாளருக்குக் கொடுக்க எண்ணித் தேடியதாகவும், அவர் காலமாகிவிட்டபடியால் வறுமையிலிருந்த அவருடைய சகோதரிகளிடம் கொடுத்ததாகவும் சொல்லுகிறார்கள். பேராசிரியருக்கு உதவியாளரின் வேலை ‘இதுவாவது’ என்று படவில்லை.

இன்றைக்கு அந்த யந்திரம் கைப்பெட்டிக்குள் அடங்கிவிட்டது. ஆனால் அதைக் கையாளுகிறவரின் பொறுப்பு கடுகளவும் குறையவில்லை. கை கால்களில் நான்கு, மார்பில் ஆறு, ஆகப் பத்து இடங்களில் கம்பிகளைப் பொருத்த வேண்டும். வலக்கைக் கம்பியும் இடக்கைக் கம்பியும் இடம் மாறினால், இருதயம் வலப்புறம் இருப்பவரைப் போல அலை தலைகீழாக விழும். குளிரில் நடுங்குகிற கிழவரின் கைநடுக்கம் இருதயக் கோளாறாகவே காகிதத்தில் தோன்றலாம். கம்பி கழன்றால் கோடு நேராக ஓடும். அதைக் கண்டு அலறாமல், முதலில் நோயாளியின் முகத்தைப் பார்க்கிறவரே தேர்ந்தவர்.

மார்பில் முதல் இரண்டு கம்பிகளுக்குரிய இடம், நடு மார்பெலும்பின் இருபுறமும் நான்காவது விலா இடைவெளி. கூச்சத்தாலோ அவசரத்தாலோ அவற்றை மேலே ஏற்றி வைத்துவிடுவது பல தேசங்களிலும் நடக்கிற பிழை. அதனால் வராத மாரடைப்பு வந்து போனது போன்ற அடையாளம் தெரியக்கூடும். நம் வீட்டுப் பாட்டிமார் புடவைத் தலைப்பை எவ்வளவு இறுகப் பற்றிக்கொள்வார்கள் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. இந்த வேலைக்குப் பெண்கள் ஏராளமாக வரவேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

இதுவும் முதற்படிதான். தொடையிலுள்ள இரத்தக் குழாய் வழியே மெல்லிய கம்பிகளை இருதயத்துக்குள் செலுத்தி, லயம் தப்புகிற இடத்தைக் கண்டு, அதைச் சுட்டு அடக்குகிற சிகிச்சை ஒன்று உண்டு. டாக்டர் கம்பியைச் செலுத்தும்போது, திரைக்கு முன் அமர்ந்து, விநாடியை ஆயிரம் கூறாக்கிய கணக்கில் அலைகளை அளந்து சொல்ல ஒருவர் வேண்டும். கச்சேரியில் மிருதங்கம் ஓர் அட்சரம் பிசகினால் முன்வரிசை ரஸிகர் முகம் சுளிக்கிறாரே, அவருடைய காது இவருக்குக் கண்ணில் இருக்க வேண்டும். இருதயத்தைத் துடிக்கத் தூண்டும் பேஸ்மேக்கர் என்ற கருவி மனித உடலுக்குள் முதன்முதலாக வைக்கப்பட்டது 1958-ல், ஸ்டாக்ஹோம் நகரில். அதைப் பெற்ற லார்ஸன் என்பவர் இருபதுக்கு மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு 2001 வரை ஜீவித்திருந்தார். அந்தக் கருவிகளை அவ்வப்போது சோதித்துப் பார்க்க ஆள் வேண்டாமா?

தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவ ஸர்வகலாசாலையின் கீழ் இருதயத் தொழில்நுட்பத்தில் பி.எஸ்ஸி. பட்டப் படிப்பு இருக்கிறது; பாடம் முடிந்த பின் ஆஸ்பத்திரியில் ஒரு வருஷப் பயிற்சியும் உண்டு. ஆரம்பச் சம்பளம் பல இடங்களில் சொற்பமே என்பதையும் மறைக்காமல் சொன்னோம். அது நம் ஆஸ்பத்திரிகளுக்குப் பெருமை தருவதன்று. பிறகு பிரசுரத்தைக் கையில் எடுத்தோம். 2021-ல் இந்தியப் பார்லிமெண்டு இயற்றிய சட்டப்படி, இவ்வகைத் தொழில்களுக்குக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு, அதுவும் இரண்டு வருஷத்துக்குக் குறையாமல், வேண்டும் என்று விளக்கினோம்.

பெண் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தாள். “ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் நாளுக்குப் பதினொரு மணி நேரம் படித்தாலொழிய ஆறு மாதத்தில் அவ்வளவு மணி வராது, அப்பா!” என்றாள்.

தகப்பனார் பிரசுரத்தை நாலாக மடித்தார்.

அதற்குள் அவள் தன் பையிலிருந்து கட்டம் போட்ட நீளக் காகிதம் ஒன்றை எடுத்துவிட்டாள். அவளுடைய பாட்டிக்கு ஆஸ்பத்திரியில் எடுத்த பதிவு. ஒரு பெரிய கட்டம் விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. லயம் சீராக இருந்தால், இரண்டு சிகரங்களுக்கு இடையேயுள்ள பெரிய கட்டங்களை எண்ணி, 300-ஐ அந்த எண்ணால் வகுத்தால் நிமிஷத்துக்கு எத்தனை துடிப்பு என்று தெரியும் என்றோம்.

“நாலு கட்டம், ஸார். எழுபத்தைந்து!”

“அன்றைக்கு டாக்டரும் எழுபத்தைந்து என்றுதானே சொன்னார்?” என்று கேட்டுக்கொண்டே தகப்பனார் காகிதத்தை அவளிடமிருந்து வாங்கி, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாமும் ஒருமுறை கட்டங்களை எண்ணத் தொடங்கினார்.