மேல் பட்டனை அமுக்கினால் கீழே இறங்கும் ஹாய்ஸ்ட்

கொஞ்சம் நீளமான பதிவு. கல் பட்டறை, ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பிள்ளைகளாவது முழுதும் படியுங்கள்.

போன வாரம் மாமல்லபுரத்தில் என் பழைய மாணவன் ஒருவனின் சிற்பப் பட்டறைக்குப் போயிருந்தேன். ஐந்து ரதம் போகிற வழி. அவன் அப்பா காலத்தில் கல்லை நகர்த்தக் கடப்பாரையும் உருட்டுக் கட்டையும்தான். இப்போது இரண்டு டன் எலெக்ட்ரிக் ஹாய்ஸ்ட் தொங்குகிறது. பார்க்கச் சந்தோஷம். ஆனால் வேலை செய்கிற பையன் ‘மேலே’ பட்டனை அமுக்கினால் கொக்கி கீழே வருகிறது! கேட்டால், "லைன் மாத்தினதுலேருந்து அப்படித்தான் டீச்சர், பழகிடுச்சு" என்கிறான்.

அந்தப் ‘பழகிடுச்சு’தான் என்னைத் தூங்கவிடவில்லை.

மறைமலைநகரில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் தம்பிக்குப் போன் போட்டேன். "அக்கா, முதல்ல அதை நிறுத்தச் சொல்லு" என்றான். மூன்று ஃபேஸில் இரண்டு இடம் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுமாம். கொக்கி உச்சியில் இடிக்காமல் நிறுத்துகிற லிமிட் சுவிட்ச் பெரும்பாலும் ‘மேலே’ பட்டனின் சர்க்யூட்டில்தான் இருக்கும். இங்கே கொக்கியை ஏற்றுவதோ ‘கீழே’ பட்டன். ஆக, லிமிட் சுவிட்ச் இருந்தும் இல்லாத கணக்கு. கொக்கி போய் இடிக்கும், ரோப் அறும், கீழே நிற்கிற பிள்ளை... எழுதக் கை வரவில்லை.

மெயினை அணைத்துவிட்டு, உள்ளே வருகிற லைனில் இரண்டு வயரை மாற்றிக் கொடுத்தால் தீர்ந்தது. தெரிந்த எலெக்ட்ரீஷியனுக்குச் சின்ன வேலை. பட்டன் பெட்டிக்குள் மாற்றி ஒப்பேற்றினால் ஆபத்து அப்படியே இருக்கும்.

மோட்டார் தூக்காமல் முனகினால் ஒரு ஃபேஸ் போயிருக்கலாம், வோல்டேஜ் குறைந்திருக்கலாம். விடாமல் அமுக்கினால் காயில் கருகும். பட்டனை விட்ட பிறகும் கல் வழுக்கி இறங்கினால் பிரேக்கைப் பாருங்கள். உப்புக்காற்றும் கல் தூசியும் சேர்ந்த ஊரில் அதைத் தள்ளிப்போடவே கூடாது.

எடைக்கும் வருகிறேன். கருங்கல் ஒரு கன அடி ஏறக்குறைய 75 கிலோ. 5 அடி நீளம், 3 அடி அகலம், 2 அடி உயரம் என்றால் 30 கன அடி, 2,250 கிலோ. இரண்டு டன் ஹாய்ஸ்ட் தாங்குமா? "கண்ணாலேயே தெரியும் டீச்சர்" என்கிறீர்கள். இந்தக் கணக்கை உங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, தூக்கு இயந்திரங்களைத் தகுதியானவர் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது சோதிக்க வேண்டும் என்றது. பத்துப் பேர்கூட இல்லாத பட்டறைகள் பெரும்பாலும் அதற்குள் வரவில்லை. சின்னப் பட்டறையில் கல் மெதுவாகவா விழும்? வருஷா வருஷம் ஆயுதபூஜைக்குப் பொட்டு வைக்கிறீர்களே, அதற்கு முதல் நாள் ஆள் வைத்துச் சோதியுங்கள்.

மாணவன் நேற்று போன் செய்தான். வயரை மாற்றியாச்சாம். ஆனால் பையன்களின் விரல் இன்னும் பழைய பட்டனுக்கே போகிறதாம். ஒரு வாரம் வெறும் கொக்கியை ஏற்றி இறக்கிப் பழகட்டும், அதுவரை கல்லைத் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன்.